ரப்பர் மரம் விற்ற பணத்தில் ஏஐ பங்கு வாங்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர். பால் குறைந்துபோனதால் மரங்களைக் கொடுத்துவிட்டோம். அந்தப் பணமும் முதிர்ந்த ஒரு டெபாசிட்டும் சேர்ந்து 16 லட்சம் வங்கியில் இருக்கிறது. எனக்குப் பென்ஷன் வருகிறது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலைபார்க்கும் மகன், “இனி டேட்டாவும் ஏஐயும்தான், அந்தக் கம்பெனிகளில் போடுங்கம்மா” என்கிறான். அவன் சொல்லும் பெயர்கள் அமெரிக்காவின் பாலன்டிர், சென்னையின் லேட்டன்ட் வியூ. நாகர்கோவிலில் தெரிந்தவர் ஒருவர், சந்தைக்கு இன்னும் வராத ஒரு ஏஐ கம்பெனிப் பங்கு தன்னிடம் இருப்பதாகவும், ஐபிஓ (சந்தையில் முதல் பங்கு வெளியீடு) வந்தால் மூன்று மடங்கு ஆகும் என்றும் சொல்கிறார். இந்த மாதிரிக் கம்பெனியை எப்படி எடைபோடுவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, குலசேகரம்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

கம்பெனிக் கணக்குக்குள் போகும் முன் உங்கள் 16 லட்சத்தைப் பிரித்துவிடலாம். மறுநடவு செய்யப்போகிறீர்களா என்று எழுதவில்லை. செய்வதாக இருந்தால், கன்று நட்டு முதல் பால் வெட்ட ஏழு வருடம் போல ஆகும். அதுவரை குழி, கன்று, உரம், களை என்று செலவு மட்டும்தான். முதல் மூன்று வருடம் அன்னாசிக்குக் குத்தகைக்கு விட்டால் கொஞ்சம் கைகொடுக்கும். நடவுச் செலவுக்கும், அடுத்த மூன்று வருடத்துக்குள் வீட்டில் வரப்போகும் பெரிய செலவுக்கும் வேண்டிய தொகை டெபாசிட்டிலேயே இருக்கட்டும். மிஞ்சுவதில்தான் பங்கு. அந்த மிச்சத்திலும் பெரும்பகுதி சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் அப்படியே வாங்கும் சாதாரண இன்டெக்ஸ் ஃபண்டில் இருக்க வேண்டும். ஏஐ என்று தனியாகப் பொறுக்கும் பங்குகள் எல்லாம் சேர்ந்தும் ஒன்றரை லட்சத்தைத் தாண்ட வேண்டாம். எண்பது சதவீதம் விழுந்த பங்குகள் இந்தத் துறையில் ஏராளம். ஒன்றரை லட்சம் முப்பதாயிரம் ஆனால் வருத்தப்படலாம், ஆனால் தோட்டத்து வேலை நின்றுவிடக் கூடாது.

நாகர்கோவில்காரர் சொல்லும் பங்கு வேண்டாம். அந்தக் கம்பெனி நல்லதாகவே இருக்கலாம், அதற்குள் நான் போகவில்லை. சந்தையில் பட்டியலிடாத பங்குக்கு விற்பவர் சொல்வதுதான் விலை. அவர் வாங்கிய விலைக்கும் உங்களுக்குத் தரும் விலைக்கும் உள்ள வித்தியாசம் எங்கேயும் அச்சாவதில்லை. ஐபிஓ வந்தாலும், நிறுவனர் அல்லாத பழைய பங்குதாரர்களுக்கு ஆறு மாதம் விற்பனைத் தடை உண்டு. முதல் நாள் விலை ஏறுவதை நீங்கள் பார்க்கத்தான் முடியும். இதைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. “போன வருடம் பெரிய முதலீட்டாளர்களுக்கே 900 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், நான் 700-க்குத் தருகிறேன்” என்பார்கள். அந்த 900 ரூபாய்க்குக் கொடுத்தது அநேகமாக, பின்னால் ஈக்விட்டியாக மாறும் முன்னுரிமைப் பங்காக இருக்கும். கம்பெனி கைமாறினாலோ மூடப்பட்டாலோ அவர்கள் போட்ட பணம் முதலில் வெளியே வரும். உங்களுக்கு வருவது சாதாரண ஈக்விட்டி, வரிசையில் கடைசி. இரண்டும் வேறு வேறு சரக்கு. ஒன்றின் விலையைக் காட்டி மற்றொன்றை மலிவு என்று சொல்ல முடியாது.

அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால், 100 ரூபாய் செலவழித்துவிட்டு முடிவெடுங்கள். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அந்தக் கட்டணத்துக்கு ஒரு கம்பெனி தாக்கல் செய்த பொது ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். ஏஓசி-4 என்பதில் வரவு செலவும் ஆடிட்டர் அறிக்கையும் இருக்கும். எம்ஜிடி-7-ல் யாரிடம் எவ்வளவு பங்கு என்று இருக்கும். பிஏஎஸ்-3-ல் கடைசியாக எந்த வகைப் பங்கை யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பது வரும். விற்பவர் வாயால் சொன்னதை இந்த மூன்றோடு ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டியலிடாத பங்குகளை விற்கும் அனுமதியற்ற இணையத் தளங்களைப் பற்றி இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியே 2024 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது.

“பெரிய பெரிய கம்பெனிகளே பணம் போட்டிருக்கின்றன” என்ற வாதமும் வரும். லண்டனைச் சேர்ந்த பில்டர்.ஏஐ-யில் மைக்ரோசாஃப்டும் கத்தார் அரசின் முதலீட்டு நிதியும் பணம் போட்டிருந்தன. முன்னர் சொன்ன விற்பனைக் கணக்கைப் பெரிய அளவில் குறைக்க வேண்டி வந்து, 2025 மே மாதம் அது திவால் நடவடிக்கைக்குப் போனது. அந்தப் பெரிய முதலீட்டாளர்களுக்கு அது நூறு பந்தயத்தில் ஒன்று. உங்களுக்கு அப்படி இல்லை.

இனி சந்தையில் இருக்கும் கம்பெனிகள். “டேட்டா, ஏஐ” என்று ஒரே பெயரில் மூன்று வகை வியாபாரம் நடக்கிறது. எது எது என்று பிரிக்காமல் கணக்கைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

முதல் வகை, மென்பொருளைச் செய்து வைத்துக்கொண்டு சந்தாவுக்கு விற்பது. பாலன்டிர் ஏறக்குறைய இந்த வகை. ஒருமுறை செய்ததைப் பத்தாவது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது கூடுதல் செலவு குறைவு. அதனால் 100 ரூபாய் விற்பனையில் நேரடிச் செலவு போக 70, 80 ரூபாய் நிற்கும். இரண்டாவது, மின்சார மீட்டர் போல, உபயோகித்த அளவுக்குக் கட்டணம். அமெரிக்காவின் ஸ்னோஃப்ளேக் அப்படி. வாடிக்கையாளர் சிக்கனம் பிடித்தால் அந்தக் காலாண்டிலேயே வருமானத்தில் தெரியும். மூன்றாவது, ஆட்களை வைத்து வேலை செய்து கொடுப்பது. லேட்டன்ட் வியூ முக்கியமாக இதில் வரும். கேவலமான தொழில் ஒன்றும் இல்லை, இந்திய ஐடியின் முதுகெலும்பே அதுதான். ஆனால் விற்பனை இரட்டிப்பாக ஆட்களும் ஏறக்குறைய அதே அளவு கூட வேண்டும். அதற்கு மென்பொருள் கம்பெனியின் விலையைக் கொடுக்கக் கூடாது.

எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சுருக்கு வழி, வருட விற்பனையை ஊழியர் எண்ணிக்கையால் வகுப்பது. 2024-ல் பாலன்டிரின் விற்பனை 287 கோடி டாலர், வருட முடிவில் முழுநேர ஊழியர்கள் 3,936 பேர். தலைக்கு ஏழு லட்சம் டாலருக்கு மேல். இந்திய அனலிட்டிக்ஸ் (டேட்டா பகுப்பாய்வு) சேவைக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இதே வகுத்தலைச் செய்தால் பல மடங்கு சிறிய எண் வரும். ‘எங்களுடையது ஏஐ பிளாட்ஃபார்ம்’ என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, தலைக்கு வருமானம் சாதாரண ஐடி சேவைக் கம்பெனி அளவிலேயே இருந்தால், பெயர்ப் பலகை மட்டும்தான் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஏஐ உபயோகிப்பதாக இல்லாததைச் சொன்னதற்காக 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்களுக்குச் சேர்த்து 4 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பலகை மாற்றுவது உலகம் முழுக்க நடக்கிறது.

பாலன்டிரையே எடுத்துக்கொண்டு ஒரு கம்பெனியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று காட்டுகிறேன். வாங்கச் சொல்வதற்காகவோ விற்கச் சொல்வதற்காகவோ இல்லை; அதன் கணக்கு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது, எண்களும் பாடம் நடத்தத் தோதானவை. 10-கே என்ற ஆண்டறிக்கையை அமெரிக்க ஆணையத்தின் எட்கர் தளத்திலிருந்து மகன் இறக்கித் தருவார். 2024 அறிக்கையை வைத்துப் பேசுவோம்.

விற்பனை 287 கோடி டாலர், அதில் 55 சதவீதம் அரசாங்கங்களிடமிருந்து. மொத்த வாடிக்கையாளர்கள் 711. முதல் 20 பேரிடமிருந்து சராசரியாக ஆளுக்கு 6.46 கோடி டாலர். பெருக்கினால் 129 கோடி, அதாவது மொத்தத்தில் 45 சதவீதம். 711 என்ற எண்ணைப் பார்த்துப் பரவலான வியாபாரம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இருபது பேரின் தயவில் பாதி வீடு நிற்கிறது.

பழைய வாடிக்கையாளர் எப்படி என்பதற்கு ஓர் அளவு உண்டு. போன வருடம் 100 ரூபாய் கொடுத்த அதே ஆட்கள் இந்த வருடம் எவ்வளவு கொடுக்கிறார்கள்? பாலன்டிருக்கு 2024 கடைசிக் காலாண்டில் அது 120. நல்ல எண். 110-க்கு மேல் இருந்தால் பொருள் உள்ளே வேர்விட்டிருக்கிறது எனலாம். 100-க்குக் கீழே என்றால், விட்டுப்போகிறவர்களை ஈடுகட்ட எப்போதும் புது ஆள் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏஐ-யில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சோதனை ஓட்டம் நடத்துவார்கள், மூன்று மாதம் எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு வாடிக்கையாளரின் சொந்த டேட்டா பத்து இடத்தில் பத்து விதமாகக் கிடப்பதால் நிரந்தர உபயோகத்துக்குப் போகாமலே முடிந்துவிடும். எனவே ‘300 ஏஐ திட்டங்கள் கையில்’ என்று அறிவிப்பு வந்தால், அதில் எத்தனை சோதனை, எத்தனை பணம் கட்டி ஓடுவது என்ற பிரிவினை இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்துச் சொல்லவில்லை என்றால் சோதனைதான் அதிகம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஒப்பந்த பாக்கியிலும், அதாவது ஒப்பந்தமாகி இன்னும் வருமானமாகாத தொகையிலும், ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2024 முடிவில் பாலன்டிர் சொன்ன மீதமுள்ள ஒப்பந்த மதிப்பு 543 கோடி டாலர். அதே அறிக்கையில், கணக்கு விதிப்படி உறுதியான பாக்கி 173 கோடி. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அரசாங்க ஒப்பந்தங்களில் வாடிக்கையாளர் நினைத்தால் முடித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து சகஜம். அப்படி ரத்தாகக் கூடியதையும், நீட்டிக்கலாம் என்று எழுதிவைத்திருக்கும் வருடங்களையும் சேர்த்தது பெரிய எண். செய்தியில் எப்போதும் வருவது பெரிய எண். நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது சின்னது.

இப்போது லாபம். இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். இயக்க லாபம் என்பது வட்டியும் வருமான வரியும் சேர்க்காமல் தொழிலில் மட்டும் வந்த லாபம். கம்பெனி முன்வைத்த ‘சரிசெய்யப்பட்ட’ இயக்க லாபம் 113 கோடி டாலர். கணக்கு விதிப்படியான இயக்க லாபம் 31 கோடி. நடுவில் போன 82 கோடியில், 69 கோடி ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பங்காகவே கொடுத்தது; மீதி அதன்மேல் கம்பெனி கட்டிய வரி. கையை விட்டுப் பணம் போகவில்லை, அதனால் செலவில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் புதிதாக அச்சடித்த அந்தப் பங்குகளால் உங்கள் பங்கு கம்பெனியில் சிறுத்துப்போகிறது. செலவைக் கம்பெனி தராமல் பங்குதாரர் தருகிறார், அவ்வளவுதான். 31 கோடியிலேயே பேசுங்கள். நிகர லாபம் 46 கோடி என்று இருக்கும். இயக்க லாபத்தைவிட நிகர லாபம் கூடியது எப்படி? கையிருப்புப் பணத்துக்கு வந்த வட்டி மட்டும் 20 கோடி அளவு. வட்டி வருமானத்துக்கு நாம் டெபாசிட் போடலாமே, மென்பொருள் கம்பெனியின் விலையை எதற்குக் கொடுக்க வேண்டும்? எந்த ஆண்டறிக்கையிலும் பங்குச் சம்பளம், வட்டி வருமானம் என்ற இந்த இரண்டு வரிகளைத் தேடி எடுத்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

இதெல்லாம் பாலன்டிரைக் குறை சொல்ல எழுதவில்லை. 80 சதவீத மொத்த லாப விகிதம், கடனில்லாத இருப்பு, வளரும் விற்பனை எல்லாம் அதற்கு உண்டு. உங்கள் மகன் தொழில் தெரிந்தவர். பொருள் நல்லது என்று அவர் சொன்னால் நம்பலாம். என்ன விலைக்கு என்ற கேள்வியைத்தான் அவர் கேட்கவில்லை என்று தோன்றுகிறது.

2024 முடிவில் அந்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு 17,500 கோடி டாலர் அளவில் இருந்தது. வருட விற்பனையைப் போல 60 மடங்கு. இந்த விலை சரியா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த விலைக்குள் என்ன எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: பத்து வருடம் விடாமல் வருடத்துக்கு 30 சதவீத வளர்ச்சி. விற்பனை 13.8 மடங்காகி 3,960 கோடி டாலர். அதில் 30 சதவீதம் நிகர லாபம் என்றால் 1,190 கோடி. அப்போது சந்தை அதற்கு லாபத்தைப் போல 25 மடங்கு கொடுக்கிறது என்றால் மதிப்பு 29,700 கோடி. 17,500 பத்து வருடத்தில் 29,700 ஆனால் கூட்டு வட்டியில் வருடத்துக்கு ஐந்தரை சதவீதம்கூட வராது. நடுவில் ஊழியர்களுக்குக் கொடுக்கும் புதுப் பங்குகளால் அதிலும் கொஞ்சம் குறையும். இத்தனை நல்லது நடந்தும் கிடைப்பது இவ்வளவு. ரூபாய் மதிப்பு இறங்கினால் கூடுதலாக ஓரிரண்டு சதவீதம் சேரலாம், அதுவரைதான்.

நேர்மையாக அடுத்ததையும் சொல்ல வேண்டும். 60 மடங்கு என்று ஒதுங்கி நின்றவர்கள் முன்னால், 2025-ல் அந்தப் பங்கு இரட்டிப்பைத் தாண்டி ஏறியது. விற்பனையும் 50 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. பின்னோக்கிக் கணக்கு விலை எப்போது விழும் என்று சொல்லாது. எவ்வளவு நல்லது நடந்தால் உங்கள் பணம் தப்பும் என்று மட்டும் சொல்லும். இதே பங்கு 2021 ஜனவரியில் 45 டாலரைத் தொட்டு, 2022 டிசம்பரில் 6 டாலர் அருகே வந்தது. அந்த இடைவெளியில் கம்பெனி கெட்டா போயிற்று? 2020-ல் 109 கோடி டாலராக இருந்த விற்பனை 2022-ல் 191 கோடி ஆகியிருந்தது. கொடுத்த விலைதான் தாங்கவில்லை.

பெயரிலேயே ஏஐ வைத்திருக்கும் சி3.ஏஐ கதை இன்னும் கடுமையானது. 2020 டிசம்பரில் 42 டாலருக்கு வெளியீடு, அதே மாதம் 180 டாலருக்கு மேல், இரண்டு வருடத்தில் 11 டாலர் அருகே. நீண்ட காலம் அதன் வருமானத்தில் பெரும் பங்கு பேக்கர் ஹியூஸ் என்ற ஒரே எண்ணெய்த் துறை நிறுவனத்தின் வழியாக வந்தது. 2025 ஏப்ரலில் முடிந்த வருடத்தில் விற்பனை 39 கோடி டாலர், நஷ்டம் 29 கோடி. அடுத்த காலாண்டில் விற்பனையே, முந்தைய வருடம் அதே காலாண்டில் இருந்த 8.7 கோடியிலிருந்து 7 கோடிக்கு இறங்கியது. ஏஐ-க்கு உலகமே காசைக் கொட்டிய காலத்தில்தான் இது நடந்தது. துறை வளர்கிறது என்பதற்காக அதில் உள்ள எல்லாக் கம்பெனியும் வளராது.

சென்னைக்கு வருவோம். லேட்டன்ட் வியூ 2021 நவம்பரில் 197 ரூபாய்க்கு வெளியிட்டது. 300 மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. பட்டியலான அன்றே 500 ரூபாயைத் தாண்டித் திறந்து, சில வாரங்களுக்குள் 700-க்கு மேல் போனது. அடுத்த வருடம் 400-க்குக் கீழே. கம்பெனி சும்மா இருக்கவில்லை: 2021-22-ல் 408 கோடி ரூபாயாக இருந்த விற்பனை 2024-25-ல் 848 கோடி. லாபமும் உண்டு. ஆனாலும் 700-க்கு வாங்கியவர் 2025-லும் அந்த விலையைத் திரும்பப் பார்க்கவில்லை.

இந்த வகைக் கம்பெனியில் பார்க்க வேண்டியது வேறு. வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து, அதிலும் டெக்னாலஜி கம்பெனிகளிடமிருந்து வருகிறது. முதல் ஐந்து வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு, வருடா வருடம் குறைகிறதா என்று முதலீட்டாளர் விளக்கப் படங்களில் தேடுங்கள். 2025 செப்டம்பரில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தது இவர்களுக்கும் செலவுதான். வேறு கம்பெனியை வாங்கி வளர்ந்தால், வாங்கியதைக் கழித்துவிட்டுச் சொந்த வளர்ச்சி எவ்வளவு என்று கேட்க வேண்டும். இதோடு ஒரு வேடிக்கையும் உண்டு: பத்துப் பேர் செய்த பகுப்பாய்வை ஏஐ துணையோடு ஆறு பேர் செய்தால், வாடிக்கையாளர் ஆறு பேருக்குத்தான் பணம் தருவார். ஏஐ பங்கு என்று நினைத்து வாங்கியதன் வருமானத்தை ஏஐயே குறைக்கலாம். ஆள் கணக்கில் இல்லாமல் முடிவின் அடிப்படையில் பணம் வாங்கும் ஒப்பந்தங்கள் எத்தனை சதவீதம் என்பது அதனால்தான் நல்ல கேள்வி.

நாளைக்கு வேறொரு இந்திய ‘ஏஐ’ சிறுநிறுவனத்தின் பெயரை யாராவது கொண்டுவருவார்கள். அங்கே இரண்டு இடங்களில் கணக்கு வளைக்கப்படுவது வழக்கம்.

ஒன்று, வராத பணம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் பிறகு தருகிறேன் என்றால் அதை நீங்கள் வரவில் எழுதமாட்டீர்கள். கம்பெனிகள் எழுதலாம், விதியே அப்படி. வருட விற்பனை 200 கோடி, வரவேண்டிய பாக்கி 60 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 60-ஐ 200-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 110 நாள். ஐடி சேவையில் 60 முதல் 90 நாள் சாதாரணம், 110 கொஞ்சம் அதிகம். அதோடு விடாதீர்கள். ‘பில் போடாத வருமானம்’ என்று இன்னொரு வரி, வேறு தலைப்பின் கீழ், குறிப்புகளுக்குள் இருக்கும். அது 40 கோடி என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்: 182 நாள். அரை வருட விற்பனை தாளில் மட்டும் இருக்கிறது. இரண்டு மூன்று வருடமாக இந்த நாள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் விற்பனை வளர்ச்சியை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, சம்பளத்தைச் சொத்தாக்குவது. மென்பொருள் எழுதும் ஊழியர்களின் சம்பளத்தை, ‘எதிர்காலத்தில் பலன் தரும் பொருளை உருவாக்குகிறார்கள்’ என்று சொல்லி, லாப நஷ்டக் கணக்கில் செலவாகக் காட்டாமல் ‘உருவாகிவரும் கண்ணுக்குப் புலப்படாச் சொத்து’ என்று இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றலாம். நிபந்தனைகளோடு இதற்கும் விதியில் இடம் உண்டு. 30 கோடி சம்பளத்தை இப்படி ஏற்றிவிட்டு 25 கோடி லாபம் காட்டும் கம்பெனி, உண்மையில் 5 கோடி நஷ்டத்தில் இருக்கிறது. கண்டுபிடிக்கும் இடம், பணப்புழக்க அறிக்கையில் ‘முதலீட்டு நடவடிக்கைகள்’ என்ற பகுதி. செயல்பாட்டுப் பணவரவிலிருந்து அங்கே உள்ள இந்தத் தொகையைக் கழியுங்கள். மூன்று வருடத்தைக் கூட்டியும் மிச்சம் எதிர்மறையாக இருந்தால், ஆண்டறிக்கையின் அட்டைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூடிவைத்துவிடலாம்.

மகனுக்கு ஒரு வேலை. எந்தக் கம்பெனி என்றாலும் கடைசி எட்டுக் காலாண்டுகளின் முதலீட்டாளர் உரையாடல் பதிவுகளை எடுத்து, போன வருடம் நிர்வாகம் சொன்ன வாக்குறுதிகளை ஒரு பக்கமும் இந்த வருடம் நடந்ததை மறுபக்கமும் எழுதச் சொல்லுங்கள். முன்பு காட்டிக்கொண்டிருந்த ஓர் எண்ணைத் திடீரென்று காட்டாமல் நிறுத்தினால், அந்தக் காலாண்டைச் சிவப்பு மையில் குறிக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக இருக்கும்போது யாரும் அதை மறைப்பதில்லை. நேரடி ஆலோசனை வேண்டும் என்றால், செபி பதிவு எண்ணைச் செபியின் தளத்திலேயே சரிபார்த்துவிட்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

அமெரிக்கப் பங்கு வாங்குவதாக முடிவெடுத்தால் வரி விஷயம் கொஞ்சம் உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வங்கியில் ஏ2 படிவம் கொடுக்க வேண்டும். 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் முதலீட்டுக்கு 20 சதவீதம் முன்வரி பிடிப்பார்கள், உங்கள் தொகைக்கு அது வராது. ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு வங்கி வாங்கும் அனுப்பும் கட்டணமும் டாலர் மாற்று வித்தியாசமும் ஒரு சதவீதத்துக்கு மேல் போகலாம். மாதாமாதம் ஐயாயிரம் என்று பிரித்து அனுப்பாமல் ஒரே தடவையில் அனுப்புங்கள். 24 மாதம் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம். இந்தியப் பங்குக்கு 12 மாதம் போதும், வருடத்தில் முதல் ஒன்றேகால் லட்சம் நீண்டகால லாபத்துக்கு வரியும் இல்லை.

பென்ஷன்காரர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான். நீங்கள் இப்போது வருடா வருடம் ஐடிஆர்-1 என்ற எளிய வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்கிறவராக இருப்பீர்கள். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று கையில் இருந்தாலும் அது செல்லாது. ஐடிஆர்-2 போட்டு, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும், விற்காவிட்டாலும், ஒரு ரூபாய் லாபம் வராவிட்டாலும். அந்த அட்டவணை நிதியாண்டுக் கணக்கில் இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை. மறந்தால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போக வழியிருந்தது. 20 லட்சத்துக்குள் உள்ள இத்தகைய சொத்துகளுக்கு 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. தரகரிடமிருந்து டிசம்பர் 31 தேதியிட்ட இருப்பு அறிக்கையையும், அந்த வருடத்தின் உச்ச மதிப்பு உள்ள தாளையும் ஜனவரியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் உங்கள் ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.